கேரண்டிக்கு உள்ளேயா, மேலேயா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் அமெரிக்காவில் ஒரு ரீஜனல் விமான நிறுவனத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக இருக்கிறேன். சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. பேஸ் சிகாகோ, வீடு டாலஸ். சீனியாரிட்டி இல்லாததால், நிரந்தர அட்டவணை இல்லாமல் கூப்பிட்டால் பறக்கும் ரிசர்வில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் நடந்த இரண்டு விஷயங்களில் எனக்குக் குழப்பம்.

ஒரு நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மாலை 6 மணிவரை எனக்கு ஷார்ட் கால், அதாவது கூப்பிட்டதும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டிய நேரம். காலை பத்தரைக்கு க்ரூ ஷெட்யூலிங்கிலிருந்து கூப்பிட்டு, 12.30க்கு ரிப்போர்ட் செய்யச் சொன்னார்கள். மூன்று லெக், அதாவது மூன்று தனித்தனிப் பறப்புகள். கடைசி லெக் கேட்டுக்கு வரும் நேரம் இரவு 8.50 என்று அட்டவணையிலேயே இருந்தது, அப்படியே வந்தும் சேர்ந்தோம். "இது சட்டப்படி சரியா?" என்று போனிலேயே கேட்டேன். "உங்கள் லிமிட் இரவு ஒன்றரை மணிவரை இருக்கிறது" என்றார்கள்.

இன்னொரு நாள், ஓய்வு நாளில் போன் வந்தது. எடுத்துவிட்டேன். ஜூனியர் அசைன்மெண்ட் (சீனியாரிட்டி குறைந்தவருக்குக் கட்டாயமாகத் தரும் பணி), ஒன்றரை மடங்கு சம்பளம் என்றார்கள். பத்து மணி நேர டிரிப். அந்த மாதம் ரிசர்வ் நாட்களில் மொத்தம் 48 மணி நேரம் பறந்திருந்தேன். கேரண்டி, அதாவது பறக்காவிட்டாலும் கிடைக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளம், 75 மணி நேரம். ஆனால் சம்பளச் சீட்டில் 80 மணி நேரம்தான் இருக்கிறது. 15 மணி நேரம் கூடியிருக்க வேண்டாமா? அடுத்த முறை கூப்பிட்டால் "இரட்டிப்பு தந்தால் வருகிறேன்" என்று பேரம் பேசலாமா? புரொபேஷனில் இருப்பதால் யாரிடமும் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு, கடிதம் கிடைத்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். அதில் நாள் கணக்கு ஒன்று இருக்கிறது, காத்திருக்க முடியாது. ரிசர்வில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

ஷெட்யூலிங்கில் இருந்தவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது ரிசர்வில் இல்லாத ஒரு பைலட்டுக்கான கணக்கு. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் விதிகளில் பார்ட் 117 என்ற பகுதியில் டேபிள் பி என்று ஓர் அட்டவணை இருக்கிறது. பகல் 12 மணியிலிருந்து 12.59க்குள் ரிப்போர்ட் செய்து மூன்று லெக் பறப்பவருக்கு அதில் அதிகபட்ச டியூட்டி நேரம் 13 மணி. பன்னிரண்டரையோடு பதின்மூன்றைக் கூட்டினால் இரவு ஒன்றரை. காலையில் வீட்டில் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, பதினொன்றரைக்கு விமான நிலையத்துக்குக் கிளம்பியவருக்கு அது பொருந்தும். நீங்கள் அதிகாலை 4 மணியிலிருந்தே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள்.

அதற்காகவே அதே பார்ட் 117-ல் 21-ஆம் பிரிவு இருக்கிறது. ஷார்ட் கால் நேரம், அதாவது ஆர்.ஏ.பி., 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. உங்களுடையது சரியாகப் பதினான்கு, அதில் சிக்கல் இல்லை. அடுத்தது முக்கியம். வழக்கமான இரண்டு பைலட் குழுவுக்கு, ஆர்.ஏ.பி. தொடங்கிய நிமிடத்திலிருந்து டியூட்டி முடியும்வரை மொத்த நேரம், டேபிள் பி எண்ணோடு 4 மணி நேரம் கூட்டி வருவது அல்லது 16 மணி நேரம், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. உங்கள் விஷயத்தில் 13-உம் 4-உம் 17. பதினாறு அதைவிடக் குறைவு. அதிகாலை நான்கிலிருந்து பதினாறு மணி நேரம் என்றால் இரவு 8 மணி. உங்களுக்குக் கொடுத்த அட்டவணையோ 8.50க்கு முடிகிறது. எனவே அந்த டிரிப்பை அந்த வடிவில் கொடுத்திருக்கவே கூடாது. கடைசி லெக்கை வேறு யாருக்காவது மாற்றியிருக்க வேண்டும்.

"இரண்டு மணி நேரம் நீட்டிக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். நீட்டிக்கலாம்தான். கேப்டனும் நிறுவனமும் சேர்ந்து, இந்தக் கூட்டு வரம்பையும் சேர்த்தே, இரண்டு மணி நேரம்வரை நீட்ட 19-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அது புறப்படுவதற்கு முன் எதிர்பாராமல் ஏற்படும் தாமதங்களுக்கு. இடி மின்னலால் சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் வரிசை நின்றுவிட்டது, கேட்டில் ஒரு கோளாறு வந்துவிட்டது, இப்படி. அட்டவணை போடும்போதே மீறிவிட்டு, "நீட்டிப்பில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். முந்தைய நாள் உங்கள் ஆர்.ஏ.பி.யின் தொடக்கத்தை யாராவது மாற்றி, நீங்கள் அதைக் கணினியில் ஒப்புக்கொண்டீர்களா? நிறுவனங்களின் ஷெட்யூலிங் மென்பொருள் இந்த மாதிரிக் கணக்கைப் பெரும்பாலும் தானே பிடித்துவிடும். பிடிக்கவில்லை என்றால், அதற்குள் வேறு தொடக்க நேரம் பதிவாகியிருக்கலாம். நான்கு மணி ஐந்தாக மாறியிருந்தால் வரம்பு இரவு 9 மணி, டிரிப் செல்லும். அன்றைய பதிவை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாற்றம் எதுவும் இல்லை என்றால், தவறு அவர்களுடையது மட்டும் இல்லை. இந்த விதிகளில் பல "எந்த நிறுவனமும் ஒதுக்கக்கூடாது, எந்தப் பணியாளரும் ஏற்கக்கூடாது" என்றுதான் எழுதப்பட்டிருக்கின்றன. அதனால்தான் அவசரமாகத் தனிக்கடிதம் போட்டேன். நாசா நடத்தும் விமானப் பாதுகாப்புத் தகவல் திட்டமான ஏ.எஸ்.ஆர்.எஸ்.-க்கான அறிக்கையை, மீறல் நடந்த 10 நாளுக்குள், அல்லது அது உங்களுக்குத் தெரியவந்த, தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 10 நாளுக்குள் அனுப்பினால், வேண்டுமென்றே செய்யாத மீறலுக்கு எஃப்.ஏ.ஏ. தண்டனை விதிப்பதில்லை. தவறுகளைத் தானாக முன்வந்து தெரிவிப்பதற்கான, உங்கள் நிறுவனத்தின் ஏ.சாப். திட்டத்திலும் போடுங்கள். அதில் நிறுவனம், சங்கம், எஃப்.ஏ.ஏ. மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். காலக்கெடு அங்கே இன்னும் குறுகியது, பல இடங்களில் 24 மணி நேரம்தான். பயப்படாதீர்கள் அம்மா. போனிலேயே "இது சரியா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஷெட்யூலிங் அழைப்புகளைப் பல நிறுவனங்களில் ரெக்கார்டு செய்வார்கள். உங்கள் இடத்திலும் அப்படியென்றால் அது உங்களுக்குத்தான் நல்லது.

இந்த விதி வந்த கதை உங்களைப் போல வேறு ஊரிலிருந்து கம்யூட் செய்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2009 பிப்ரவரி 12 இரவு, நெவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் ஃபர்ஸ்ட் ஆபீசர் முந்தைய இரவு முழுக்க சியாட்டிலிலிருந்து விமானம் மாறி மாறி நெவார்க் வந்து சேர்ந்தவர். கேப்டன் அதே இரவை விமான நிலையத்தில் பைலட்கள் அறையிலேயே கழித்தவர். விபத்துக்கு முதல் காரணம் விமானம் தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் நிலைக்கான எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்த தவறான செயல்தான் என்று, விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி. முடிவு செய்தது. ஆனாலும் களைப்பு பற்றிய பேச்சு அதற்குப் பிறகு அடங்கவில்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனில் விடாமல் அலைந்தன, 2010-ல் காங்கிரஸ் சட்டம் போட்டது, 2014 ஜனவரி 4-ஆம் தேதி பார்ட் 117 அமலுக்கு வந்தது. சரக்கு விமானங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். அங்கே பறக்கும் பைலட்டுக்கு மட்டும் தூக்கம் வராதா என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம்.

இதுவரை சொன்னது சட்டம். அதை உங்களாலும் தள்ளிவைக்க முடியாது, நிறுவனத்தாலும் முடியாது, சங்கத்தாலும் முடியாது. பணம் முழுக்க ஒப்பந்தம். போனுக்குப் பிறகு எவ்வளவு நேரத்தில் கேட்டில் நிற்க வேண்டும் என்பதுகூடப் பார்ட் 117-ல் கிடையாது, ஒப்பந்தத்தில்தான் இருக்கும். பொதுவான அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு தரச் சொல்லும் 1938-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. ரயில்வே லேபர் ஆக்டின் கீழ் வரும் விமான நிறுவன ஊழியர்களுக்கு அந்த ஓவர்டைம் பிரிவிலிருந்து விலக்கு இருக்கிறது. (2025-லிருந்து ஓவர்டைமுக்கு வருமான வரிச் சலுகை வந்திருக்கிறதே என்று பைலட்கள் பகிர்ந்து தங்கும் உங்கள் கிராஷ்பேடில் யாராவது சொல்வார்கள். அது அந்த 1938 சட்டப்படி கட்டாயமாகத் தர வேண்டிய ஓவர்டைமுக்கான சலுகை. ஒப்பந்தப்படி வரும் பிரீமியத்தை அந்தக் கட்டத்தில் எழுதிவிடாதீர்கள்.) ஆக, "ஒன்றரை மடங்கு" என்பதன் பொருள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டும்தான்.

ரிசர்வ் பைலட்டின் சம்பளத்தில் எல்லாம் கேரண்டியைச் சுற்றித்தான் சுழலும். நீங்கள் 48 மணி நேரம் பறந்தாலும், ஒரு மணி நேரம்கூடப் பறக்காமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் 75 மணி நேரச் சம்பளம் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே கேரண்டி, கூடுதலாக உழைத்ததை விழுங்கவும் செய்யும். நீங்கள் பறந்த 48-க்கும் கேரண்டி 75-க்கும் நடுவே 27 மணி நேரம் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் விழுகிற எந்தப் பிரீமியமும் உங்கள் கைக்கு வராது. எப்படியும் வரவிருந்த பணத்துக்கு வேறு பெயர் போட்டுத் தந்தது போலத்தான்.

உங்கள் பத்து மணி நேர டிரிப்பை மூன்று விதமாகக் கணக்கிடலாம். எளிதாக இருக்கட்டும் என்று மணிக்கு 100 டாலர் என்று வைத்துக்கொள்கிறேன். பத்து மணி நேரமும் அதன் பிரீமியமும், ஆக 15, எல்லாமே கேரண்டிக்குள் போனால் 48-உம் 15-உம் 63. எழுபத்தைந்தைத் தொடவில்லை, எனவே 75-க்கு 7,500 டாலர். ஓய்வு நாளில் போனதற்கு ஒரு காசும் கிடைக்காது. அடுத்தது, பறந்த பத்து மணி நேரம் கேரண்டிக்குள் போய், பாதி மடங்கு பிரீமியமான 5 மட்டும் வெளியே நின்றால் 80 மணி நேரம், 8,000 டாலர். முழுப் பதினைந்தும் கேரண்டிக்கு மேலே ஏறினால் 90 மணி நேரம், 9,000 டாலர். மூன்றிலும் நீங்கள் பறந்தது ஒரே டிரிப், போனில் சொன்னதும் அதே "ஒன்றரை மடங்கு".

உங்கள் சீட்டில் 80 இருப்பதால் சம்பளப் பிரிவு இரண்டாவது வழியில் போயிருக்கிறது என்று தெரிகிறது. அது சரியா? நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பலமுறை படித்தேன். சம்பளப் பகுதியில், ஜூனியர் அசைன்மெண்டுக்கு கிரெடிட்டில் (சம்பளத்துக்குக் கணக்கிடும் மணி நேரத்தில்) 150 சதவீதம் என்று மட்டும் இருக்கிறது. உள்ளேயா மேலேயா என்ற பேச்சே இல்லை. ஆனால் ரிசர்வ் பகுதியில், ரிசர்வ் பைலட் ஓய்வு நாளில் செய்யும் பறப்பு "மாத கேரண்டிக்கு மேலதிகமாக" கணக்கிடப்படும் என்று ஒரு வாசகம் இருக்கிறது. பொதுவாகச் சொல்லும் ஒரு பிரிவும் குறிப்பாகச் சொல்லும் ஒரு பிரிவும் இருந்தால், குறிப்பானதே செல்லும் என்பது தகராறுகளைத் தீர்க்கும் ஆர்பிட்ரேட்டர்கள் வழக்கமாக ஏற்கும் வாதம். என் கணிப்பில் உங்களுக்கு இன்னும் 10 மணி நேரச் சம்பளம் வர வேண்டும்.

இதை உடைக்கக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. அந்த ஓய்வு நாளுக்குப் பதிலாக அதே மாதத்தில் வேறொரு நாள் ஓய்வு கொடுத்தார்களா? பல ஒப்பந்தங்களில் நாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், பறந்த நாள் சாதாரண ரிசர்வ் நாளாக மாறிவிடும், மணி நேரம் கேரண்டிக்குள் போய்விடும். சீட்டில் 80 வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மாத இறுதி அட்டவணையை எடுத்து ஓய்வு நாட்களை எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தம் சொல்லும் எண்ணிக்கையில் ஒரு நாள் குறைந்திருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. அப்படியே அந்த டிரிப்புக்கு முந்தைய 168 மணி நேரத்தில் தொடர்ச்சியாக 30 மணி நேரம் எந்த வேலையும் இல்லாமல் இருந்தீர்களா என்றும் பாருங்கள். அது ஒப்பந்தம் இல்லை, சட்டம். ஓய்வு நாளை எடுத்துக்கொள்ளும்போது இதுதான் முதலில் அடிபடும்.

அடுத்தது, ஓய்வு நாளில் போனை எடுத்தே ஆக வேண்டுமா? பார்ட் 117 ஓய்வு என்று எதைச் சொல்கிறது என்றால், நிறுவனத்தின் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல், கூப்பிட்டால் வேலைக்கு வர வேண்டும் என்ற பொறுப்பும் இல்லாமல் இருக்கிற நேரத்தை. உங்கள் ஒப்பந்தத்திலும் ஓய்வு நாளில் தொடர்பில் இருக்க வேண்டும் என்று எதுவும் நான் பார்க்கவில்லை. எடுத்துப் பேசிவிட்டால்தான் ஜூனியர் அசைன்மெண்ட் உங்களிடம் ஒட்டிக்கொள்ளும். எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவரிடம் போய்விடும். ஊரில் அம்மாவின் அழைப்பைத் தவறவிடக் கூடாது என்று எல்லா அழைப்பையும் எடுக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. ஷெட்யூலிங் எண்ணுக்குத் தனி ரிங்டோன் வைத்துவிடுங்கள், போதும்.

ஆனால் இதைக் கூட்டாகச் செய்ய நினைக்காதீர்கள். "இந்த மாதம் யாரும் எடுக்காதீங்க" என்று பைலட்களின் குழுவில் ஒரு செய்தி போட்டால் அது வேறு கதை. டெல்டா பைலட்கள் 2000-ஆம் ஆண்டு இறுதியில் கூடுதல் பறப்பைச் சேர்ந்து மறுத்தபோது, தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவருக்கும் மறுக்கும் உரிமை இருந்தது. இருந்தும், ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போது கூட்டாக மறுப்பது ரயில்வே லேபர் ஆக்டுக்கு எதிரானது, சங்கம் அதைத் தடுத்தாக வேண்டும் என்று 2001 ஜனவரியில் பதினோராவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பேரம் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ஷெட்யூலர் ஒப்புக்கொண்டாலும் அது செல்லாது. சங்கம் போட்ட ஒப்பந்தம் இருக்கும் இடத்தில், தனி ஊழியரோடு செய்துகொள்ளும் உடன்பாடு அதை மீற முடியாது என்று 1944-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு ரயில்வே வழக்கில் சொல்லிவிட்டது. கூடுதலாகத் தருவதும் இதில் அடங்கும். 2017 நவம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஷெட்யூலிங் கணினியில் ஒரு கோளாறு. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆயிரக்கணக்கான விமானங்களுக்கு பைலட் ஒதுக்கப்படாமல் போய்விட்டது. ஒன்றரை மடங்கு தருகிறோம், ஒப்பந்தம் அனுமதிப்பது அவ்வளவுதான் என்றது நிறுவனம். தங்களைக் கேட்காமல் செய்ததாக அவர்களின் சங்கமான அலைட் பைலட்ஸ் அசோசியேஷன் கிரீவன்ஸ், அதாவது ஒப்பந்த மீறல் புகார், போட்டது. சில நாட்களில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி, குறிப்பிட்ட டிரிப்புகளுக்கு இரட்டிப்பு என்று முடித்தார்கள். இரட்டிப்பு வந்தது, ஆனால் அதைப் பேசி வாங்கியது சங்கம்.

உங்களால் செய்ய முடிந்தது, ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கும் வழிகளைத் தேடுவது. டெல்டாவில் "கிரீன் ஸ்லிப்" என்று ஒன்று உண்டு. இரட்டைச் சம்பளத்துக்குப் பறக்கத் தயார் என்று முன்கூட்டியே பதிந்து வைப்பது. ஆள் பற்றாக்குறை வரும்போது அந்தப் பட்டியலைப் பார்ப்பார்கள். வேறு பெயர்களில், வேறு சதவீதத்தில், பல ஒப்பந்தங்களில் இது இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் ரிசர்வ் பைலட்டும் அந்தப் பட்டியலில் பெயர் போடலாமா என்று சங்கத்தில் கேளுங்கள். கட்டாயமாக இழுக்கப்பட்டு ஒன்றரை வாங்குவதைவிட, விரும்பிப் போய் அதையே அல்லது அதற்கு மேல் வாங்குவது நல்லது, எந்த நாள் என்பதும் உங்கள் கையில் இருக்கும்.

இன்னொன்று, டிரிப் கொடுக்கும் நேரத்தில் சம்பளத்துக்காகப் போனில் சண்டை போடாதீர்கள். பைலட்கள் "ஃபிளை நவ், கிரீவ் லேட்டர்" என்பார்கள். பணத் தகராறு என்றால் முதலில் போய்விட்டு வாருங்கள், பிறகு கேளுங்கள். மறுத்தால் அது கீழ்ப்படியாமை ஆகிவிடும், புரொபேஷனில் அது ஆபத்து. ஆனால் இந்தப் பழமொழி நேர வரம்புக்கும் களைப்புக்கும் பொருந்தவே பொருந்தாது. ஒவ்வொரு லெக்குக்கு முன்பும் பறக்கத் தகுதியாக இருக்கிறேன் என்று நீங்கள் உறுதி செய்கிறீர்கள் அல்லவா, அது உங்கள் லைசென்ஸ் மீதான உறுதி. அடுத்த முறை இரவு எட்டைத் தாண்டும் டிரிப் வந்தால், "என் ஆர்.ஏ.பி. நாலு மணிக்குத் தொடங்கியது, பதினாறு மணி நேரம் எட்டு மணிக்கு முடிகிறது, கடைசி லெக்கை எடுத்துவிடுங்கள்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் டியூட்டி பைலட்டிடமோ சீஃப் பைலட்டிடமோ இணைக்கச் சொல்லுங்கள்.

புரொபேஷன் பயத்தைப் பற்றி. பணிநீக்கத்தை எதிர்ப்பதில்தான் புரொபேஷன் பைலட்டுக்குப் பாதுகாப்பு குறைவு. சம்பளக் கோரிக்கை வைப்பதற்கு அது பெரும்பாலும் தடை இல்லை. சம்பளப் பிரிவுக்குப் பே கிளெய்ம் வருவது அன்றாட வேலை, அதைப் பார்த்து யாரும் உங்களைக் குறித்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். டிரிப் எண், தேதி, அழைப்பு வந்த நேரம், பேசியவர் சொன்ன பெயர், ரிசர்வ் பகுதியின் பிரிவு எண், கேட்கும் மணி நேரம் 10. இவ்வளவு போதும், கோபமான ஒரு வரிகூட வேண்டாம். மறுத்தால் அந்த மறுப்பையும் சேர்த்து உங்கள் பேஸில் உள்ள சங்கப் பிரதிநிதியிடம் கொடுங்கள், கிரீவன்ஸாக எடுத்துப்போவது அவர் வேலை. அங்கும் முடியாவிட்டால் நிறுவனமும் சங்கமும் சேர்ந்த சிஸ்டம் போர்டுக்குப் போகும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆனால் முதல் கிளெய்முக்கும் கிரீவன்ஸுக்கும் ஒப்பந்தத்தில் நாள் கணக்கு உண்டு. நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களில் அது இல்லை, கிரீவன்ஸ் என்ற தலைப்பில் தனிப் பகுதியாக இருக்கும். சம்பளச் சீட்டு வந்த தேதியிலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டு, இந்த வாரமே கிளெய்மை அனுப்பிவிடுங்கள்.